கை போன இடம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் அத்தான் பெயரை எழுதியது வேண்டுமென்றேதான். என் கையெழுத்தில் உன் பெயரைப் பார்த்திருந்தால் பிரிக்காமலே குப்பைக்கூடையில் போட்டிருப்பாய். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. காகிதத்தைத் தடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே இயந்திரங்கள் சுற்றுவதால் தரை எந்நேரமும் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். செல்போனை வைத்திருப்பவர் நடக்கிறாரா, ஓடுகிறாரா, பேருந்தில் போகிறாரா என்பதைப் போன் எப்படித் தெரிந்துகொள்கிறது? அதற்கு நிரல் எழுதுவதுதான் வேலை. மனிதர்கள் அசைவதைக் கவனிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

அந்த டிஜே போட்டி முடிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மேடைக்குப் பின்னால், எல்லோரும் பார்க்க, புறங்கையில் கட்டியிருந்த போனைக் கழற்றி என் மடியில் போட்டாய். "என் கை போன இடத்துக்கு உன் பொம்மை வரல. நத்தைகிட்ட வேலையைக் குடுத்தா நத்தை வேகத்துலதான் வரும்" என்றாய். சின்ன வயதிலிருந்து நீ கூப்பிட்டு வந்த பெயர்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வலித்தது.

நான் செய்த அந்தப் பொம்மைக்கு இசைத்தட்டே வேண்டாம், காற்றில் கையை முன்னும் பின்னும் இழுத்தால் போதும். போனுக்குள் இருக்கும் சென்சார் அந்த அசைவைப் படித்து, இசைத்தட்டைத் தேய்க்கும் சத்தத்தை எழுப்பும். அதை எழுத நான் பட்ட பாட்டைவிட அதைப் பழக நீ பட்ட பாடு அதிகம். கடைசிச் சுற்றில் தாளம் ஒரு பக்கம் போனது, உன் சத்தம் ஒரு பக்கம் போனது. பாதியில் நிறுத்திவிட்டு இறங்கினாய். அடுத்த வாரம் நான் விமானம் ஏறினேன்.

என் நிரலில் தவறு எங்கே என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் போடு. உன் வலது கை எப்படி இருக்கிறது?

நத்தை


மார்ச் 21

டேய் நத்தை,

உன் அத்தான் உறையைப் பிரித்து இரண்டு வரி படித்தார். பிறகு, தான் ரிப்பேர் பார்க்கும் லிஃப்டுக்குள் தானே மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்தார். "உனக்குத்தான் வந்திருக்கு" என்று மேஜைமேல் வைத்துவிட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். இந்த வீட்டில் தப்பித்துப் போகத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது நீ மட்டும்தான். கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். அதற்காகக் கடல் தாண்டிப் போவார்களா? விமான நிலையத்திலிருந்து அத்தானுக்கு மட்டும் "கிளம்பிட்டேன்" என்று ஒரு மெசேஜ். அவர் அதை எனக்குக் காட்டும்போது என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போட்டியில் தோற்றதற்கு நான் அழவில்லை. டிஜே ஊசி என்று அறிவித்தாலே முன்வரிசை எழுந்து நிற்கும். அன்றைக்கு அதே முன்வரிசை சிரித்தது. அதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

நான் பழையபடி தட்டுக்கே திரும்பிவிட்டேன். நிஜத் தட்டு, நிஜ ஊசி. வைத்த இடத்தில் இருக்கும், வெளிநாட்டுக்கு ஓடிப்போகாது. நிகழ்ச்சிகள் குறைந்துவிட்டன. இப்போதெல்லாம் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆடினால் போதும், கூட்டம் கத்தும். தேய்த்து வாசிப்பதை யார் கேட்கிறார்கள்?

கை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. இது என்ன கேள்வி?

ஊசி


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதலில் அத்தான் எழுதியது என்று நினைத்துவிட்டேன். எழுத்துகள் எல்லாம் வரியை விட்டுக் கீழே சரிந்திருந்தன. ஊசி என்று கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் உன்னுடையது என்று தெரிந்தது. அதனால் இனிமேல் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

போனைக் கையில் கட்டியிருக்கும்வரை நம் மென்பொருள் ஒவ்வொரு அசைவையும் சேமித்து வைக்கும். நீ ஒத்திகை பார்த்த நாட்கள் எல்லாம் என்னிடம் அலை அலையாக வரைந்த கோடுகளாக இருக்கின்றன. போட்டி நாளின் கோட்டையும் அன்றைய ஒலிப்பதிவையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சத்தம் பிந்தியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். பிந்தவில்லை, அக்கா. உன் கை அசைந்த அந்த நொடியே சத்தம் வந்திருக்கிறது. பிந்தியது கைதான்.

நான் நம்பவில்லை. பழைய ஒத்திகைகளை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். ஆரம்பத்தில் அலைகள் உயரமாக, கூர்மையாக இருந்தன. மாதம் போகப் போக உயரம் குறைந்துகொண்டே வருகிறது. நீ கையை அசைக்காமல் ஓய்வாக வைத்திருக்கும் இடங்களில்கூடக் கோடு நேராக இல்லை. தோலுக்கு அடியில் ஏதோ துடிப்பது மாதிரி இருக்கிறது.

நான் மருத்துவன் இல்லை. சாதாரணக் களைப்பாக இருக்கலாம். தூக்கமின்மையாக இருக்கலாம். ஆனாலும் ஒரு தடவை நரம்பு மருத்துவரைப் பார்த்துவிடு. என்னைத் திட்டிக்கொண்டே போ, பரவாயில்லை. போய்விட்டு வா.

நத்தை


ஏப்ரல் 18

உன் பொம்மை தப்பிக்க வேண்டும் என்பதற்காக என் கையில் நோயைக் கட்டிவிட்டாய். இரண்டு வருடம் உட்கார்ந்து யோசித்தது இதற்குத்தானா? நல்ல தம்பி. இனி எழுதாதே.


ஜூன் 10

தம்பி,

போன கடிதத்தை, பேனாவை இரண்டு கையாலும் பிடித்துத்தான் எழுதினேன். அப்போதே எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளாகவே வீட்டுச் சாவி என் கையில் திரும்ப மறுத்தது. பூட்டில் எண்ணெய் விடச் சொல்லி உன் அத்தானோடு சண்டை போட்டேன். அவரும் விட்டார். அப்புறம் ஒருநாள் கவனித்தேன்: நான் திறக்க வேண்டிய பாட்டில்களின் மூடி எல்லாம் முன்கூட்டியே லேசாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தன. சட்டைப் பட்டன் போடும் நேரம் பார்த்து, தற்செயலாக வருவது மாதிரி அறைக்குள் வருவார். "இன்னைக்கு நான் போட்டு விடட்டுமா, சும்மா ஆசையா இருக்கு" என்பார். கல்யாணமான புதிதில்கூட அந்த மனிதருக்கு இப்படி ஒரு ஆசை வந்ததில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரியே நடித்துக்கொண்டிருந்தோம்.

உனக்கு எழுதாதே என்று எழுதிய பிறகு தட்டின் முன்னால் போய் நின்றேன். உன்மேல் இருந்த கோபத்தில் ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கையைத் தட்டின் மேல் வைத்தேன். தட்டு சுற்றியது, கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. நிறுத்த என்னால் முடியவில்லை.

அன்றைக்கே நரம்பு டாக்டரிடம் கிளம்பினோம். நிறையச் சோதனை. தசைக்குள் ஊசி குத்தி அதன் சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்பார்கள், தெரியுமா? தகரக் கூரையில் மழை தூறுவது மாதிரி கேட்டது. "அந்தச் சத்தம் இருக்கக் கூடாதுங்க" என்றார் டாக்டர். என் வாழ்க்கையில் நான் எழுப்பிய சத்தத்தை ஒருவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் இரண்டாவது தடவை.

தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றனவாம். நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். நான் அதை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. மருந்து உண்டா என்று அத்தான் கேட்டார். மெதுவாக்க உண்டு, நிறுத்த இல்லை என்றார். "மூளைக்கு ஒன்றும் ஆகாது, காது நன்றாகக் கேட்கும்" என்று ஆறுதலாகச் சொன்னார். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் பொம்மைமேல் தவறில்லை. சரியாகத்தான் வந்திருக்கிறது.

அக்கா


ஜூன் 22

அக்கா,

இதற்கு முன்னால் நாலைந்து கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். என்ன எழுதினாலும் அலுவலக அறிக்கை மாதிரி இருக்கிறது.

என் நிரலில்தான் தவறு என்று நினைத்திருந்த நாட்களில் கெட்டவனாக இருந்தேன். ஆனால் நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்தத் தவறு என்னுடையதாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. இரண்டு வருடமும் நீ என்னைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம்.

விடுமுறை கேட்டிருக்கிறேன். வருகிறேன்.

நத்தை


ஜூலை 3

வராதே. வந்தால் என்ன செய்வாய்? வாசலில் பையை வைத்துவிட்டு அழுவாய். எனக்குக் கோபம் வரும். உன் அத்தான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார். போனிலும் கூப்பிடாதே, அதே கதைதான் நடக்கும். கடிதம் போதும்.

ஆறுதல் சொல்ல இங்கே ஆள் நிறைய இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா தினமும் ஒரு எண்ணெய் கொண்டுவருகிறார். எனக்கு வேண்டியது ஆறுதல் இல்லை. இடது கை இன்னும் என் பேச்சைக் கேட்கிறது. பலம் இல்லை, ஆனால் சொன்னால் கேட்கிறது. நிஜத் தட்டுக்கு அந்தப் பலம் போதாது. உன் பொம்மைக்குப் போதுமா? கொஞ்சம் அசைத்தால் நிறைய என்று அது எடுத்துக்கொள்ளுமா?

இதுவும் இடது கையால் எழுதியதுதான். வலது கையைவிட அழகாக இருக்கிறது என்கிறார் உன் அத்தான். அந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் வராது.

ஊசி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போன் ஒன்றைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முன்பு கையை ஒரு சாண் இழுத்தால் கிடைத்த சத்தம், இனி விரற்கடை அளவு அசைத்தாலே கிடைக்கும். நீ நினைக்காத அசைவையும் அது பெரிதாக்கிவிடும், அதுதான் சிக்கல். அதனால் வேண்டிய அசைவு எது, தானாக வரும் துடிப்பு எது என்று பிரிக்க ஒரு வாரம் அதற்கு நீ சொல்லிக்கொடுக்க வேண்டும். திரையில் புள்ளி வரும்போது மட்டும் கையை அசை. மற்ற நேரம் சும்மா இரு. சும்மா இருப்பது உனக்குக் கஷ்டம் என்று தெரியும்.

சத்தத்தை வெட்டும் ஃபேடர் குமிழை அத்தானை இழுக்கச் சொல்லாதே. லிஃப்ட் கதவை மூடுகிற மாதிரி நிதானமாக மூடுவார்.

நான் இங்கே என் இடது கையில் போனைக் கட்டிக்கொண்டு சோதித்துப் பார்க்கிறேன். சலவைக் கடைக்காரர் மேலே வந்து யாரையாவது கொல்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நத்தை


நவம்பர் 17

டேய் நத்தை,

வாசித்துவிட்டேன்.

இடது கை செப்டம்பரிலேயே களைத்துவிட்டது. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, விரல்கள் மட்டும் மிச்சம். இதை உனக்கு எழுதி, நீ அதற்கு வேறொன்று எழுதி அனுப்பும்வரை பொறுமை இல்லை. ஒருநாள் போனை எடுத்து இடது ஷூவின் மேல் கட்டச் சொன்னேன். குதிகாலை ஊன்றிக்கொண்டு பாதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினேன். அது பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டது. உன் பொம்மைக்குக் கையா காலா என்று கவலை இல்லை போலிருக்கிறது.

பழைய இசைத்தட்டு விற்பவர்கள் சேர்ந்து ஒரு கிடங்கில் மதிய நேரத்தில் சந்தை நடத்துவார்கள். அதை நடத்தும் தாடிக்காரர் என்னைத் தெரிந்தவர். அரை மணி நேரம் வாசிக்கிறேன் என்று நானே கேட்டேன். சக்கர நாற்காலியில் போனேன். முதல் தடவை வெளியே அதில் போனது அன்றைக்குத்தான். அத்தான் சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

மேஜைமேல் ஃபேடர், அதன் மேல் என் இடது கை விரல். மேஜைக்கு அடியில் கால். கூட்டம் தட்டுகளைப் புரட்டிக்கொண்டு அதன் பாட்டுக்கு இருந்தது. நான் ஆரம்பித்தேன். ஒருவர் திரும்பினார். அப்புறம் இன்னொருவர். முன்னால் வந்து நின்ற ஒரு ஆள், "தட்டு எங்கம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். "கை அசையவே இல்லையே?" என்றார். "அதுவும் இல்லைங்க" என்றேன். அவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கடைசி ஐந்து நிமிடம் என் உடம்பு எனக்கு ஞாபகம் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். போட்டி மேடையில் நான் செய்ய நினைத்து முடியாமல் போன அந்த இடம், மூன்று தடவை வெட்டி ஒரு இழுப்பு, அது வந்தது. கால் போன இடத்துக்குச் சத்தம் வந்தது.

திரும்பி வரும்போது அத்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்தார், முகத்தைக் காட்டவில்லை. "அழறீங்களா?" என்றேன். "காத்துல தூசி" என்றார். காற்றே இல்லாத மதியம்.

நீ இருந்திருக்க வேண்டும்.

ஊசி


ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நவம்பர் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னித்துவிடு. சும்மா இருக்கவில்லை.

கால் மெதுவாகிவிட்டதாக அத்தான் எழுதியிருந்தார். கவலைப்படாதே. தலையில் கட்டும் பட்டை ஒன்று செய்திருக்கிறேன், அதில் போன் உட்காரும். தலையை லேசாகச் சாய்த்தால் தேய்க்கும், மோவாயை இறக்கினால் வெட்டும். அதன் பிறகு கழுத்து சிரமமானால், போனின் கேமரா புருவத்தைப் பார்த்தே வாசிக்கும்படி செய்ய முடியும், பாதி எழுதிவிட்டேன். அதற்கும் பிறகு கண் இமை இருக்கிறது. எப்படியும் வழி இருக்கிறது, அக்கா. எதுவரை போனாலும் நான் உன்னோடு வருவேன்.

நத்தை


பிப்ரவரி 2

தம்பி,

அக்கா சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறேன். அவள் பேச்சு குழறுகிறது, எனக்குப் பழகிவிட்டது. புரியாத இடத்தில் திரும்பக் கேட்டால் கோபப்படுகிறாள். இனி அவள் சொன்னது.

பட்டை வந்தது. போட்டுப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. கழற்றி அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

கோபம் இல்லை, கேள். நீ அனுப்பிய ஒவ்வொன்றும் எனக்குச் சோறு மாதிரி. அந்தக் கிடங்கு மதியம் உன்னால்தான் கிடைத்தது. ஆனால் உன் உறையைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் கை. அப்புறம் கால். இப்போது தலை, புருவம், இமை. அடுத்து எது போகும் என்று டாக்டர்கூட என்னிடம் சொன்னதில்லை. நீ முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டாய். நான் இன்னும் இழக்காத புருவத்தை எனக்காக நீ இழந்துவிட்டாய்.

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் போடு. நீ இவ்வளவு வேலை செய்வது எனக்காகவா, இல்லை இங்கே வந்து என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவா? (இதை எழுத வேண்டாம் என்றேன். எழுது என்கிறாள்.)

வராதே என்று சொன்னது நான்தான். அது ஜூலையில். அக்கா வராதே என்றால் வராமலா இருப்பார்கள்?

எனக்கு இனி வாசிக்க வேண்டாம். வாசித்தாகிவிட்டது. நீ வா. போன், கம்ப்யூட்டர் ஒன்றும் எடுத்து வராதே. வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்.


பிப்ரவரி 15

அக்கா,

நீ கேட்டதற்குப் பதில்: இரண்டுக்காகவும்தான்.

புருவத்துக்கு எழுதியதை அழித்துவிட்டேன். வேலையில் நீண்ட விடுமுறை கேட்டேன், யோசித்தார்கள். யோசிக்கட்டும் என்று டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடலாம். வாசலில் நின்று அழுவேன். திட்டிக்கொள்.

நத்தை


ஏப்ரல் 30

தம்பி,

அத்தான் எழுதுகிறேன். நீ வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாக வருவதாகச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து உன் அக்கா நாள் பார்க்கிறாள். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. அவள் சொல்லாத எதையும் நான் சேர்க்கவில்லை.

டேய் நத்தை,

நீ இங்கே இருந்த நாட்களில் உன்னிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். தட்டை ஓடவிட்டு உன் கையை அதன் மேல் வைக்கச் சொன்னேனே, நான் "ம்" என்னும்போது இழு, "ம்" என்னும்போது விடு என்று. இத்தனை வருடம் தேய்ப்பதைப் பற்றியே நிரல் எழுதிய பயல், ஒரு தாளத்தில்கூடச் சரியாக இழுக்கவில்லை. நான் "ம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும் போலிருந்தது. அவ்வளவு மோசமாக ஒருவன் தேய்த்து நான் கேட்டதே இல்லை. சிரித்து எனக்குப் புரையேறி, அத்தான் ஓடிவந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொன்னுடுவீங்க" என்று திட்டினார்.

நோய் வந்த பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் நீ வருவதற்குள் முகமும் அசையாமல் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது நீ என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இப்போதே எழுதி வைக்கச் சொல்கிறேன். நீ வா. வந்து தட்டை ஓடவிடு. முன்பு மாதிரியே மோசமாகத் தேய்.

நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.